முந்தியா, பிந்தியா

புதுவயலில் இறங்கும்போது மணி பத்தேகால்.
ஆலைகளின் உமித்தூசி
என் படிவக்கட்டின் மேல் பூத்தது.
பன்னிரண்டாம் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம்:
தூக்கம் முதன்முதலில் நேரம் தப்பிய நாள் எது?

செல்லக்கண்ணு ஆலையில் மூட்டை தைப்பவர்.
மகன் இளவழுதிக்குப் பதினான்கு.
சோற்றில் கை வைத்தபடி தூங்குகிறான்.
சைக்கிளில் தூங்கி ஒருமுறை
ஊருணிக்குள்ளேயே இறங்கிவிட்டான்.
சிரித்தால் முழங்கால் மடங்கி விழுகிறான்.
அதனால் அந்த வீட்டில்
யாரும் வேடிக்கை பேசுவதில்லை.

"ஸ்கூல்ல ஃப்ளூ ஊசி போட்டாங்கள்ல,
மறுநாளே" என்கிறார் பூமயில்.
மறுநாளேவா?
"மறுவாரம்."
மாசிப் பால்குடத்துக்கு முந்தியா, பிந்தியா?
உத்தரத்தைப் பார்க்கிறார்.
அங்கே ஒரு பல்லியும் பதில் சொல்லவில்லை.

நினைவுச்சாய்வு என்று
எங்கள் கையேட்டில் இதற்கொரு பெயர் உண்டு.
அவர் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.
பிள்ளை விழுந்ததைப் பார்த்த வீட்டில்
நாள்காட்டி ஊசியின் பக்கம்
சாய்ந்துதான் தொங்கும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று
ஊர் ஒரு வரியில் முடித்துவிடும்.
எனக்குச் சம்பளம் அந்த வரிக்கு அப்புறம்தான்:
காக்கை உட்காராத மரங்களிலும்
போய் நின்று
பழம் எண்ண வேண்டும்.

ஒரு தூங்குமூஞ்சிக்கு நான்கு பேர்,
அதே வயது, அதே சுற்றுவட்டாரம், விழித்திருப்பவர்கள்.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
பிசியோதெரபி நடத்தும் சிகப்பி
மகளுக்காக எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டுக் கேட்டார்:
"கடன் வாங்குன நாளா எனக்குத் தூக்கமே இல்லை.
அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?"
இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்,
எந்தக் கணினிக்கும் ஏறாத இடத்தில்.

பிறகு கிடைத்தது
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் பதிவேடு.
டிசம்பர் ஒன்பது. சிவப்பு மை.
'இளவழுதி, தூக்கம். வெளியே நிறுத்தப்பட்டான்.'
முகாமின் ஊசி ஜனவரி பதினெட்டு.
நாற்பது நாள்.
என் அட்டவணையில் ஒரு பையன்
பிந்தியிலிருந்து முந்திக்குக் குடிபெயர்ந்தான்.

கண்டனூர் நஸ்ரினை அப்படி நகர்த்த முடியவில்லை.
பிறந்தநாள் கேக், கைபேசிக் காணொளி,
சிரிப்பு, சரிவு.
ஊசி போட்ட பத்தொன்பதாம் நாள்.
தேதி திரையிலேயே இருக்கிறது.

இரண்டு வருடக் கணக்கு கடைசியில் சொன்னது:
ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே;
கீழேயும் இருக்கலாம், இரட்டிப்பாகவும் இருக்கலாம்.
எங்கள் கணக்கில்
ஒன்று என்றால் ஒன்றுமில்லை.
அந்த ஒன்று இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது,
எழுந்து போகச் சொன்னாலும் போகாமல்.

தபாலில் அனுப்பியிருக்கலாம். நேரில் போனேன்.
உங்கள் மகனுக்கு ஊசிக்கு முன்பே
ஆரம்பித்துவிட்டது அம்மா, என்றேன்.
நிம்மதி கொண்டுவந்ததாகத்தான் நினைப்பு.

பூமயில் விரல் மடக்கி எண்ணினார்.
"நாப்பது நாள்.
நாப்பது நாள் நான் பார்க்கலையா?
படிக்க மாட்டேங்கிறான்னு
அடிச்சேனே அப்ப."

ஊசியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிய கையோடு
அவரை அதில் ஏற்றிவிட்டேன்.

அப்ப மத்த பிள்ளைகளுக்கு ஊசிதான் காரணமா,
என்று செல்லக்கண்ணு கேட்டார்.
ஆமென்றும் சொல்ல முடியவில்லை,
இல்லையென்றும் முடியவில்லை என்றேன்.
"ரெண்டு வருசம் சுத்துனது இதச் சொல்லவா?"
மூலையிலிருந்து இளவழுதி.

அவனே சிரித்துவிட்டான்.

முழங்கால் மடங்குமுன்
மூன்று பேர் பாய்ந்தோம்.
தோள் அவருக்கு, தலை அம்மாவுக்கு,
கணுக்கால் எனக்கு.
படிவங்கள் தரையில்.
கண் திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டபடி,
உதட்டோரம் சிரிப்பு இன்னும் முடியாமல்.

பழக்கதோஷம், கடிகாரம் பார்த்தேன்.
பதினொன்று நாற்பத்திரண்டு.
எழுதவில்லை.